பெயிண்டிங் கான்ட்ராக்ட் தொழிலை எந்தப் பெயரில், எந்த வடிவில் பதிவு செய்வது? ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வந்த கேள்விகள்

நான் ராமநாதபுரத்தில் சிறு கான்ட்ராக்டர்களுக்குக் கணக்கு எழுதி, வருமான வரியும் ஜி.எஸ்.டி.யும் தாக்கல் செய்து கொடுப்பவன். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று கடலை ஒட்டிய ஊர்களிலிருந்து பெயிண்டிங் வேலை எடுப்பவர்கள் வருவார்கள். நக இடுக்கில் எமல்ஷன் காய்ந்திருக்க, வந்து உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: "கம்பெனி ஆரம்பித்துவிடலாமா?" அவர்களிடம் நேரில் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். வரிக் கணக்குகள் 2025–26 நிதியாண்டுக்கு உரியவை.

பெயிண்டிங் கான்ட்ராக்டருக்கு லைசன்ஸ் கட்டாயமா?

மின்சார வேலை எடுப்பவருக்கு அரசின் உரிமம் வேண்டும். வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பவருக்குத் தமிழ்நாட்டில் அப்படித் தனியாக ஒரு தொழில் உரிமம் கிடையாது. நம் ஆட்கள் "லைசன்ஸ் வைத்திருக்கிறேன்" என்று சொன்னால், பெரும்பாலும் பொதுப்பணித் துறையில் செய்திருக்கும் ஒப்பந்ததாரர் பதிவைத்தான் சொல்கிறார்கள். அரசுப் பள்ளி, ஆஸ்பத்திரி, அலுவலர் குடியிருப்பு என்று டெண்டர் எடுக்க அது வேண்டும். எந்த வகுப்பில் பதிவு செய்திருக்கிறீர்களோ அந்த வகுப்புக்குரிய தொகை வரைதான் வேலை எடுக்கலாம்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தப் பதிவு ஒரு பெயருக்கும் ஒரு பான் எண்ணுக்கும் உரியது. நேற்று வரை உங்கள் பெயரில் இருந்த தொழிலை இன்று கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ மாற்றினால், பழைய பதிவு தானாகப் புதிய பெயருக்கு வந்துவிடாது. முடித்த வேலைகளுக்கு வாங்கி வைத்த அனுபவச் சான்றுகளும் பழைய பெயரில்தான் நிற்கும். டெண்டர்தான் உங்கள் பிழைப்பு என்றால், வடிவத்தை மாற்றும் முன் பதிவு செய்த அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். மாற்றிவிட்டு வந்து கேட்பவர்களுக்கு என்னால் செய்யக்கூடியது குறைவு.

இதுவரை எதையும் பதிவு செய்யவில்லை. அப்படியென்றால் எனக்கு எந்த வடிவமும் இல்லையா?

இருக்கிறது. ஒரு வேலையை உங்கள் பொறுப்பில் எடுத்து, ஆள் வைத்து முடித்து, பணம் வாங்கிய அன்றே நீங்கள் புரொப்ரைட்டர், அதாவது தனியுரிமையாளர். சட்டம் உங்களையும் உங்கள் தொழிலையும் ஒன்றாகவே பார்க்கும். தொழிலின் லாபம் உங்கள் லாபம். தொழிலின் கடனுக்கு உங்கள் வீடு, நகை, வண்டி எல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

இந்த வடிவத்தை ஆவணப்படுத்த அதிகம் தேவையில்லை. உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு இலவசம். ஆதாரும் பானும் போதும். யாராவது அதற்குக் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தச் சான்றைக் கொண்டு வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கலாம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். இதில் பலர் தவறுகிறார்கள். நீங்களே பெயிண்ட், பிரைமர், பட்டி வாங்கிப்போட்டு மொத்தமாக பில் போட்டால், அந்த முழு பில் தொகையும் வரவுதான். "கூலி மட்டும்தானே என் வரவு, சாமான் காசு கடைக்குப் போய்விடுகிறதே" என்பது எடுபடாது. வீட்டுக்காரரே சாமான் வாங்கித் தந்து நீங்கள் சதுர அடிக் கூலி மட்டும் வாங்கினால்தான் கூலி மட்டும் கணக்கில் வரும்.

மச்சானும் நானும் சேர்ந்துதான் வேலை எடுக்கிறோம். எழுத்தில் எதுவும் இல்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

இரண்டு பேர் லாபத்தைப் பங்கு போட்டுக்கொண்டு ஒரு தொழிலைச் சேர்ந்து நடத்தினால், பத்திரம் இல்லாவிட்டாலும் 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் அவர்களைக் கூட்டாளிகளாகத்தான் பார்க்கும். மச்சான் கடையில் கடனுக்கு எடுத்த பெயிண்டுக்கு உங்கள் வீடும் பொறுப்பு. கடைக்காரர் உங்கள் ஒருவரிடமிருந்தே முழுத் தொகையையும் கேட்கலாம். மச்சானின் பங்கை அவரிடம் வசூலிப்பது உங்கள் பாடு.

என்னிடம் வந்த இருவரின் கதையைச் சொல்கிறேன். மைத்துனர்கள். ராமேஸ்வரத்தில் கடலைப் பார்த்த ஒரு தங்கும் விடுதிக்கு உள்ளும் புறமும் பெயிண்ட் அடித்தார்கள். இருவர் பெயரையும் சேர்த்து ஒரு நிறுவனப் பெயர் வைத்து, ரப்பர் ஸ்டாம்ப்பும் லெட்டர்ஹெட்டும் அடித்திருந்தார்கள். பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். பதிவு மட்டும் செய்யவில்லை. வேலை முடிந்து எட்டாவது மாதம் கடல் பக்கத்து பால்கனி கிரில்லில் வெல்டிங் வைத்த இடமெல்லாம் துரு எட்டிப் பார்த்தது. விடுதிக்காரர் அதைக் காட்டி 2,40,000 ரூபாயை நிறுத்திவிட்டார். கிரில்லைத் திரும்ப அடித்துத் தருகிறோம் என்றார்கள், அவர் ஒப்பவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். பதில் நோட்டீஸில் துருவைப் பற்றி இரண்டு வரிதான் இருந்தது. மிச்சம் முழுக்க ஒரே வாதம்: நீங்கள் பதிவு பெறாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தத்தை வைத்து வெளியாள் மேல் வழக்குப் போட உங்களுக்கு உரிமை இல்லை.

அது சரியான வாதம். சட்டத்தின் 69ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பதிவு பெறாத நிறுவனத்தின் மேல் மற்றவர்கள் வழக்குப் போடலாம்; அது மற்றவர்கள் மேல் போட முடியாது. அவர்கள் பிறகு பதிவு செய்து, வேலை முடிந்த மூன்று ஆண்டுக் கெடுவுக்குள் வழக்குப் போட்டார்கள். அதற்குள் ஓராண்டு போய்விட்டது, மைத்துனர்கள் பேச்சுவார்த்தையும் நின்றுவிட்டது. அந்த லெட்டர்ஹெட் கட்டு இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது. சேர்ந்து தொழில் செய்தால் பத்திரம் எழுதுங்கள். எழுதிய கையோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்.

கூட்டுப் பத்திரத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

லாபப் பங்கு எவ்வளவு என்பதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். விட்டுவிடுவதைச் சொல்கிறேன்.

அட்வான்ஸ் எந்தக் கணக்கில் வர வேண்டும் என்று எழுதுங்கள். நிறுவனக் கணக்கு தவிர வேறெதிலும் வாங்கக் கூடாது. யார் வேலையில் நிற்கிறார், யார் பணம் மட்டும் போட்டிருக்கிறார், வேலையில் நிற்பவருக்குச் சம்பளம் எவ்வளவு என்பது இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் வரியில் அடி விழும், கீழே கணக்கோடு காட்டுகிறேன். சாரக் கம்பு, ஏணி, ஸ்பிரே இயந்திரம் யாருடையது என்பதையும் எழுதுங்கள். நான் பார்த்த பிரிவினைகளில் ரொக்கத்தைவிடச் சவுக்குக் கம்புக்குத்தான் சண்டை பெரிதாக வந்திருக்கிறது.

ஒரு கூட்டாளி இறந்தால் நிறுவனம் தொடரும் என்ற வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் இறப்போடு நிறுவனமும் கலைந்துவிடும். விலகுபவர் ஒன்றை மறக்கக் கூடாது. விலகியதைப் பகிரங்க அறிவிப்பாக வெளியிட்டுப் பதிவாளரிடமும் தெரிவிக்காத வரை, அதன்பிறகு நிறுவனம் வாங்கும் கடனுக்கும் அவரை இழுக்க இடமிருக்கிறது.

வரி எதில் குறைவு?

10 லட்சம் ரூபாய் நிகர லாபம் என்று வைத்துக்கொள்வோம். வேறு வருமானம் இல்லை.

புரொப்ரைட்டராக இருந்தால், புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு முழுத் தள்ளுபடி கிடைப்பதால் வரி ஒன்றும் இல்லை.

அதே லாபம் இருவர் உழைக்கும் கூட்டு நிறுவனத்தில் வந்தால், நிறுவனத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், மேல்வரி சேர்த்து 31.2 சதவீதம். ஆனால் உழைக்கும் கூட்டாளிகளுக்குத் தரும் சம்பளத்தை ஒரு வரம்பு வரை கழிக்கலாம். லாபத்தின் முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம், மிச்சத்தில் 60 சதவீதம். அதாவது 5,40,000 உடன் 2,40,000 சேர்த்து 7,80,000. மீதி 2,20,000க்கு வரி 68,640 ரூபாய். பத்திரத்தில் சம்பளம் பற்றி எதுவும் எழுதாமல் இருந்தால் முழு 10 லட்சத்துக்கும் வரி: 3,12,000 ரூபாய். ஒரு பத்தி எழுதாததற்கு விலை இரண்டரை லட்சத்துக்கும் நெருக்கம். எல்.எல்.பி., அதாவது கூட்டாளிகளின் பொறுப்பு அவர்கள் போட்ட முதலோடு நிற்கும் கூட்டு நிறுவனத்துக்கும் இதே கணக்குதான். 2025 ஏப்ரல் முதல் கூட்டாளிக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் தரும் சம்பளத்தில் நிறுவனம் 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி, பிடித்துக் கட்டவும் வேண்டும்.

கம்பெனி சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் ஏறக்குறைய 25.17 சதவீதம். டைரக்டர் சம்பளமாக எடுத்துக்கொண்டால் வரி குறையும், ஆனால் தணிக்கைச் செலவு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் உண்டு.

இன்னொன்று, நம் தொழிலுக்கு மிகவும் உதவுவது. ஆண்டு வரவு 2 கோடிக்குள் இருந்தால், அதில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்த தொகை என்றால் 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டி வரி கட்டும் முறை இருக்கிறது. ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 3 கோடி. விரிவான கணக்குப் புத்தகமோ தணிக்கையோ வேண்டியதில்லை. அந்த 8, 6 சதவீதம் குறைந்தபட்ச அளவுதான். கையில் அதற்கு மேல் நின்றிருந்தால் அதைக் காட்டுவதே முறை. தனிநபருக்கும் கூட்டு நிறுவனத்துக்கும் இந்த வழி உண்டு. எல்.எல்.பி.க்கும் கம்பெனிக்கும் கிடையாது. கூட்டு நிறுவனம் இந்த வழியில் போனால் கூட்டாளி சம்பளத்தைத் தனியாகக் கழிக்க முடியாது என்பதால், அங்கே இது பெரும்பாலும் லாபகரமாக இருப்பதில்லை.

டி.டி.எஸ். பிடித்தத்திலும் வித்தியாசம் உண்டு. விடுதியோ கம்பெனியோ உங்களுக்குப் பணம் தரும்போது தனிநபர் என்றால் 1 சதவீதம், கூட்டு நிறுவனம், எல்.எல்.பி., கம்பெனி என்றால் 2 சதவீதம். திரும்பக் கிடைக்கும் பணம்தான், ஆனாலும் கூலி கொடுக்க வேண்டிய சனிக்கிழமை அது கையில் இல்லை.

கம்பெனியாகப் பதிவு செய்தால் என் சொந்த வீடு தப்பிக்குமா?

ஓரளவுக்குத்தான். இந்தக் கேள்விக்கு முழுப் பாதுகாப்பு என்று சொல்லிக் கம்பெனி பதிவு செய்து கொடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

பிரைவேட் லிமிடெட் என்பது சட்டத்தின் பார்வையில் தனி ஆள். அதன் கடன் அதனுடையது. நீங்கள் போட்ட பங்குத் தொகையோடு உங்கள் பொறுப்பு முடிகிறது. ஏட்டில் இது உண்மை. ஆனால் இங்கே யார் உங்களுக்குக் கடன் தருகிறார்கள் என்று பாருங்கள். பெயிண்ட் கடைக்காரர் உங்கள் சொந்தக் காசோலையை வாங்கி வைத்துக்கொண்டுதான் சரக்கு தருகிறார். வங்கி டைரக்டரின் சொந்த உத்தரவாதத்தைக் கேட்கிறது. நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு கம்பெனிச் சுவர் உங்களைக் காக்காது.

சாரத்திலிருந்து ஆள் விழுந்தால் இழப்பீடு கம்பெனி தலையில் விழலாம். கவனக்குறைவு என்று போலீஸ் வழக்கு வந்தால், அழுகிய கயிற்றில் சாரம் கட்டச் சொன்ன ஆள் யார் என்றுதான் கேட்பார்கள்.

பெயிண்ட் உரிந்தது, துரு வந்தது என்ற புகாருக்கும் வடிவத்தைவிட எழுத்துதான் காவல். 1914இல் வந்த பழைய பாம்பன் பாலத்துக்கு அதில் ரயில் ஓடிய காலமெல்லாம் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலோக்ஸேன் என்ற சிறப்புப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். ரயில்வேயே இத்தனை பாடுபடும் காற்றில், சாதாரண எனாமல் அடித்த கிரில்லுக்கு ஐந்து வருட உத்தரவாதம் எழுதிக் கொடுக்கிறார்கள் நம் ஆட்கள். கொடுக்காதீர்கள். வேலை தொடங்கும் முன் சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாக மாவு போல வந்து, நாக்கில் வைத்தால் கரித்தால் அது உப்புப் பூத்த சுவர். எத்தனை கோட் பிரைமர் அடித்தாலும் உள்ளிருந்து தள்ளும். போட்டோ எடுத்து, "இந்தச் சுவருக்கு உத்தரவாதம் இல்லை" என்று எழுதி வீட்டுக்காரரின் கையெழுத்து வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் வந்தால் அந்த ஒரு தாள் உங்களுக்காகப் பேசும்.

அப்படியானால் எல்.எல்.பி.யும் பிரைவேட் லிமிடெட்டும் யாருக்கு?

பெரிய தனியார் வேலைகளை எடுப்பவர்களுக்கு. கான்ட்ராக்டர் கம்பெனியாகவே இருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு நிபந்தனை வைக்கும்போது. குடும்பத்துக்கு வெளியே ஒருவர் பெரிய முதல் போடும்போது. கூட்டாளிகள் ஒருவர் தவறுக்கு மற்றவர் சொத்தை இழக்கக் கூடாது என்பதுதான் கவலை என்றால் எல்.எல்.பி. போதும். அதில் வரவு 40 லட்சத்துக்கு மேலோ, கூட்டாளிகள் போட்ட முதல் 25 லட்சத்துக்கு மேலோ போனால்தான் தணிக்கை கட்டாயம். ஆண்டு அறிக்கையை மே 30க்குள்ளும், கணக்கு அறிக்கையை அக்டோபர் 30க்குள்ளும் கொடுக்க வேண்டும்.

பிரைவேட் லிமிடெட்டில் ஒரு ரூபாய் வரவு இல்லாத ஆண்டுக்கும் தணிக்கை உண்டு. கணக்கு, ஆண்டறிக்கை என்று இரண்டு படிவங்கள். தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். ஓராண்டு மறந்தால் இரண்டுக்கும் சேர்த்து 73,000. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் டைரக்டர் தகுதியே போய்விடும். கம்பெனி தொடங்கி, இரண்டு வேலை முடித்து, அப்படியே விட்டுவிட்டு வெளிநாடு போன இளைஞர்கள் இந்தக் கரையில் உண்டு. திரும்பி வந்து புதிதாக ஒன்று தொடங்கப் போகும்போதுதான் இது தெரிகிறது.

ஒருநபர் கம்பெனி?

ஒரே ஆள் கம்பெனி வேண்டும் என்றால் 2013 சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு நாமினியைக் காட்ட வேண்டும். தணிக்கை உட்பட வேலை ஏறக்குறைய பிரைவேட் லிமிடெட் அளவுக்கு. தனியாக நடத்தும் பெயிண்டிங் கான்ட்ராக்டருக்கு நான் இதுவரை இதைப் பரிந்துரைத்ததில்லை.

மனைவி பெயரில் பதிவு செய்தால் கடன், மானியம் எளிது என்கிறார்கள். செய்யலாமா?

அவர் உண்மையிலேயே தொழிலை நடத்துகிறார் என்றால் தாராளமாகச் செய்யலாம். பல வீடுகளில் கூலிப் பட்டியல் எழுதுவதும், கடை பாக்கி பார்ப்பதும், வாட்ஸ்அப்பில் மதிப்பீடு அனுப்புவதும் அவர்கள்தான். அவர்கள் பெயரிலேயே இருப்பது நியாயம்.

பெயருக்கு மட்டும் என்றால் வேண்டாம். ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அவர் பெயரில் வரும். காசோலை திரும்பினால் வழக்கு அவர் மேல். ஆள் விழுந்தால் இழப்பீட்டு வழக்கில் எதிர்தரப்பு அவர். ஒரு பெண் என் முன்னால் உட்கார்ந்து, தன் பெயரில் இருந்த நிறுவனத்தின் நோட்டீஸை முதல்முறையாகப் படித்ததைப் பார்த்திருக்கிறேன். "இவ்வளவு பணம் நம்மிடம் வந்ததா?" என்று கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கையெழுத்துப் போட்ட எந்தத் தாளையும் யாரும் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கவில்லை. இதைச் செய்யாதீர்கள். கூடவே, நீங்கள் கொடுத்த பணத்தில் அவர் பெயரில் வரும் வருமானத்தை உங்கள் வருமானத்தோடு சேர்த்து வரி கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு.

துபாயில் இருக்கும் அண்ணன் பணம் போடுகிறார். எப்படி எழுதுவது?

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்வி. அவருக்கு லாபத்தில் பங்கு வேண்டுமா, கொடுத்த பணம் மட்டும் திரும்பினால் போதுமா என்று முதலில் கேளுங்கள். பணம் மட்டும் போதும் என்றால் கடன் பத்திரம் எழுதி, வங்கி வழியாக வாங்குங்கள். பங்கு வேண்டும் என்றால், வெளிநாட்டில் வாழும் இந்தியர் முதலைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லாத அடிப்படையில் கூட்டு நிறுவனத்தில் முதலீடு செய்யலாம். எல்.எல்.பி. என்றால் பொறுப்புக் கூட்டாளிகளில் ஒருவராவது இங்கே வசிப்பவராக இருக்க வேண்டும்.

எதுவாக இருந்தாலும், ஊருக்கு வந்தவர் கையில் கொண்டுவந்த ரொக்கத்தில் தொழில் தொடங்காதீர்கள். அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்படுகிறார்கள். ஐந்து வருடம் கழித்து அண்ணிக்கும் தம்பிக்கும் நடுவில் அந்த எழுத்துதான் நிற்கும்.

இந்துக் கூட்டுக் குடும்பமாகப் பதிவு செய்யலாமா?

இந்து, ஜைன, சீக்கிய, பௌத்தக் குடும்பங்களுக்கு உரிய வடிவம் அது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இல்லை. கூலிக்கு ஆள் வைத்து நடத்தும் தொழிலுக்கு அதில் சிக்கல் அதிகம். விட்டுவிடுங்கள்.

ஆட்கள் வைத்திருக்கிறேன். வடிவத்தைப் பொறுத்து என் கடமை மாறுமா?

மாறாது. 10 ஆட்கள் என்றால் இ.எஸ்.ஐ., 20 என்றால் பி.எஃப். என்பது புரொப்ரைட்டருக்கும் கம்பெனிக்கும் ஒன்றுதான். பெயிண்டர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினராகலாம். உங்களிடம் வேலை செய்யும் ஒவ்வொருவரையும் பதிவு செய்ய வையுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் 2 லட்சம் ரூபாய் பாதுகாப்பு உண்டு. 18 முதல் 70 வயது வரை சேரலாம். ஒரு டீ, வடைக் காசு. இதோடு தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி ஒன்றும் எடுங்கள். எந்த வடிவமும் தராத பாதுகாப்பை அது தரும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். அதற்குத் தனி நிறுவனம் வேண்டுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது கிடைக்கும் வேலை. அதையும் அதே பெயரில், அதே ஜி.எஸ்.டி. எண்ணில் செய்யலாம். 20 லட்ச வரம்பைத் தாண்டாமல் இருக்கப் படகுக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் என்று பிரித்தாலும் பயனில்லை. ஒரே பான் எண்ணில் வரும் எல்லா வரவையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

நான் இறந்துவிட்டால் மகன் தொடர முடியுமா?

புரொப்ரைட்டர் தொழில் அப்படியே கைமாறாது. மகன் தன் பானில் புதிய ஜி.எஸ்.டி. எண், புதிய கணக்கு தொடங்க வேண்டும். உங்கள் கணக்கில் உள்ள பணம் நாமினிக்குப் போகும். நாமினி இல்லாவிட்டால் வாரிசுச் சான்று வரும்வரை கிடக்கும். நடப்புக் கணக்குக்கு நாமினி போட்டிருக்கிறீர்களா என்று நாளைக்கே பாருங்கள். மகன் ஏற்கெனவே உங்களோடு சாரம் ஏறுகிறான் என்றால், அவனைக் கூட்டாளியாகச் சேர்த்துப் பத்திரம் எழுத அதுவே போதுமான காரணம்.

மாற்ற முடிவு செய்துவிட்டேன். எப்போது மாற்றுவது?

ஏப்ரல் 1 அன்று. ஓராண்டுக் கணக்கு இரண்டு பான் எண்களில் உடையாமல் இருக்கும். அதற்கான தாள் வேலையை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில் வெளிச்சுவர் வேலை நின்றிருக்கும் நாட்களில் முடித்து வையுங்கள். பொங்கலுக்கு முன் எல்லோரும் வெள்ளையடிக்கக் கூப்பிடத் தொடங்கிய பிறகு உங்களுக்கு நேரம் இருக்காது. பழைய ஜி.எஸ்.டி. எண்ணில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை, அதாவது சாமான் வாங்கியபோது கட்டி இன்னும் கழித்துக்கொள்ளாத வரியை, புதிய எண்ணுக்கு மாற்றும் படிவத்தை, பழையதை ரத்து செய்வதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

பழைய வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள். முடித்த வேலைகளில் நிறுத்தி வைத்திருக்கும் டெபாசிட் தொகை பழைய பெயரில்தான் வரும், சிலவற்றுக்கு ஓராண்டுகூட ஆகும். போன வருடம் ஒருவர் மார்ச்சிலேயே கணக்கை மூடிவிட்டார். ஆகஸ்டில் வந்த 86,000 ரூபாய் காசோலையைப் போட இடமில்லாமல், பெயர் மாற்றித் தரச் சொல்லிக் கார்த்திகை வரை அலைந்தார்.